போதிக்கப் போனவர் பாடு

எங்கள் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துக்காரர்களுக்கு வெளிநாடு என்றால் சிங்கப்பூர், தப்பினால் மலேசியா, அதுவும் தப்பினால் துபாய். போனவன் அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். மாசம் எவ்வளவு அனுப்புகிறான் என்பதுதான் விசாரணை. இரண்டாம் வருஷம் மாடி எழும்பும், நான்காம் வருஷம் பெண் பார்ப்பார்கள். இந்த அட்டவணைக்குள் அடங்காமல் எங்கள் தெருவிலிருந்து ஒரு பையன் ஜெர்மனிக்குப் போனான். மாடி எழும்பவில்லை. பெண் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. அவன் கத்தோலிக்கக் குரு.

“போனான்” என்று எழுதிவிட்டேன். அவன் அம்மா படித்தால் வருத்தப்படுவார். குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து பெற்ற தாயே “ஃபாதர், தோசை ஆறுது, வாங்க” என்றுதான் கூப்பிடுகிறார். என் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறிக் கிளையை முறித்தவனை நான் எப்படி ஃபாதர் என்பது? நாலு பேர் இருக்கும்போது “ஃபாதர்”, போனில் “தம்பி” என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அவனுக்கு நான் எப்போதும் மாமா. இந்தக் கட்டுரையில் “அவன்” என்று வருகிற இடங்களை வாசகர்கள் “அவர்” என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

ஜெர்மனிக்கு எதற்கு நம்மூர்ச் சாமியார் என்று டீக்கடையில் பெரிய விவாதம் நடந்தது. “வேதம் அங்கேருந்துதானே இங்க வந்துச்சு? கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறதாவுல இருக்கு!” என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் கொல்லன் தெருவில் இப்போது கொல்லனைக் காணோம். அங்கே குருமடத்தில் சேர இளைஞர்கள் கிடைப்பதில்லை. கோயில் இருக்கிறது, மணி இருக்கிறது, பூசை வைக்கத்தான் ஆள் இல்லை. அதனால் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குருக்கள் போய்ப் பங்குகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கேயிருந்து இங்கே வந்த வண்டி, இப்போது திரும்பிப் போகிறது.

அந்தப் பழைய வண்டியில் வந்தவர்களில் பேர்போனவர் சீகன்பால்க். இருபத்து நான்கு வயது நிறையாத ஜெர்மானியர். தோழர் புளூட்சோவுடன் 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறி, 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் லுத்தரன், எங்கள் பையன் கத்தோலிக்கன். சபை வேறானாலும் பாடு ஒன்றுதான். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். அரசர் அனுப்பிய ஆட்கள் என்றால் மேளதாளம் இருக்கும் என்று நினைப்போம். கோட்டைத் தளபதி ஹாசியஸ், உங்களை யார் வரச் சொன்னது என்கிற தோரணையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நடையைக் கட்டினார். வந்தவர்கள் கடைத்தெருவில் நின்றார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் தலைசாய்க்க ஓர் இடம் அமைந்தது.

எங்கள் பையனுக்கு வரவேற்பில் குறையில்லை. ம்யூனிக் விமான நிலையத்தில் பங்குப் பேரவைக்காரர் ஒருவர் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். பெட்டிதான் வரவில்லை. பூசை உடுப்பு, சட்டை, ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் அதற்குள். ராத்திரி அம்மாவுக்குப் போன் வந்தது. விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

பொருள் தொலைந்தால் திருக்கோகர்ணத்தில் யாரும் கலங்குவதில்லை. கோகர்ணேசுவரர் கோயில் பிரகதாம்பாள்தான் அரைக்காசு அம்மன். தொண்டைமான் சமஸ்தானத்தில் அவள் உருவம் பொறித்த சின்னஞ்சிறு காசு அடித்து நவராத்திரியில் கொடுத்தார்கள். காசின் பெயர் அம்மனுக்கும் ஒட்டிக்கொண்டது. காணாமல் போனதை நினைத்து அவளுக்கு வெல்லம் வேண்டிக்கொண்டால் திரும்பி வரும் என்பது நம்பிக்கை. சாவி, கம்மல், ரேஷன் கார்டு என்று எங்கள் வீட்டு வகையில் மட்டும் அவளுக்கு ஓய்வே கிடையாது. என் மனைவி உடனே வெல்லம் வேண்டிக்கொண்டாள். எதிர்வீட்டில் பையனின் அம்மா புனித அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். கத்தோலிக்கர்களிடம் அந்த இலாகா அவருடையது.

பெட்டி வந்து சேர்ந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். கொண்டுவந்தது யார்? இரண்டு பெண்களும் மரியாதை குறையாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். கடைசியில் தீர்ப்புக் கேட்டு ஜெர்மனிக்கே போன் போட்டார்கள். அவன் கொஞ்சம் யோசித்தான். “பெட்டி பாதி வழியில வேற ஊர்ல இறங்கிக்கிச்சாம் அத்தை. அங்க தேடிக் கண்டுபிடிச்சது ஒருத்தர், இங்க கொண்டாந்து சேத்தது ஒருத்தர்” என்றான். குருமடத்தில் இத்தனை வருஷம் இறையியல் படித்தது வீண்போகவில்லை. வெல்லமும் மெழுகுவர்த்தியும் அன்றைக்கே போய்ச் சேர்ந்தன.

பெட்டி வந்தது, பாஷை வரவில்லை. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழோடுதான் போனான். போன இடம் பவேரியாவில் ஒரு சிற்றூர். அங்கே பெரியவர்கள் பேசுவது பவன் ஜெர்மன் இல்லை. நன்னூலைக் கரைத்துக் குடித்த ஒரு வெள்ளைக்காரரைப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டால் எப்படி முழிப்பாரோ, அப்படி முழித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை முன்கூட்டியே எழுதி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரிடம் வெள்ளிக்கிழமை கொடுத்துத் திருத்தி வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. எண்பதை நெருங்குகிற அம்மாள். ஒருமுறை அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். வரிக்கு வரி சிவப்பு மை. ஓரத்தில் இரண்டு கேள்விக்குறி. ஒரு பத்தியைச் சுற்றி முழுசாக வளையம். “நரகத்தப் பத்தி எழுதினப்பக்கூட அந்தம்மா கமாவைத்தான் பாத்தாங்க மாமா” என்றான்.

சீகன்பால்க் பட்ட பாடும் இதுதான். வயதான தமிழ் வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். அவர் விவரித்துவைத்திருக்கிற தினசரி அட்டவணையைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். காலை ஏழு முதல் எட்டு வரை பழைய சொற்களை ஒப்பித்தல். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்ச் சுவடிகள். பக்கத்தில் அர்த்தம் சொல்ல ஒரு புலவர், புதுச் சொல்லைக் குறித்துக்கொள்ள ஓர் எழுத்தர். சாப்பிடும்போதும் ஒருவர் வாசிக்க வேண்டும். மதியம் மூன்று முதல் ஐந்து வரை மறுபடியும் படிப்பு. ராத்திரி கண்ணுக்குச் சிரமம் என்று வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இதெல்லாம் செய்கிறவர் போதகர். போதிப்பதற்கு நேரம் எங்கே என்று கேட்கக் கூடாது.

அவருக்கும் நூறு வருஷம் முந்தி, 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, சிவதர்மர் என்பவரிடம் சமஸ்கிருதம் கற்றார். பிறகு வந்த இத்தாலியர் பெஸ்கி, நம் வீரமாமுனிவர், எங்கள் மாவட்டத்து ஆவூரிலும் பணியாற்றியவர். 1732-ல் சதுரகராதி தொகுத்தார், தேம்பாவணி பாடினார். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. பரமார்த்த குருவின் கதையும் அவர் எழுதியதுதான். ஒன்றும் தெரியாத குருவும், அவரைவிடத் தெரியாத ஐந்து சீடர்களும் ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துச் சோதிக்கிற கதை. குருவாக வந்தவர் குருவைக் கேலி செய்து எழுதினார் பாருங்கள், அங்கேதான் அவர் நம்மூர்க்காரர் ஆகிறார். அழுவதற்கு எந்த பாஷையும் போதும். சிரிக்க வைக்க உள்ளூர் பாஷை வேண்டும். எங்கள் பையன் பிரசங்கத்தில் ஜெர்மனில் சொன்ன முதல் நகைச்சுவைக்கு முன்வரிசையில் ஒரே ஒருவர் சிரித்தாராம். சிவப்பு மை அம்மாள். அவருக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்.

அடுத்தது சோறு. நோபிலி ரோமாபுரியின் பெரிய குடும்பத்துப் பிள்ளை. மதுரைக்கு வந்து காவி கட்டி, பாதக்குறடு போட்டு, புலாலை விட்டு, ஒருவேளைச் சோறும் காய்கறியும் பாலும் நெய்யும் என்று வாழ்ந்தார். எங்கள் பையனுக்கு நேர் எதிர்ச் சோதனை. அங்கே ராத்திரி அடுப்பே பற்ற வைக்க மாட்டார்களாம். குளிர்ந்த ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய் ஊறுகாய், அதோடு சரி. வெளியே பனி கொட்டும்போது உள்ளேயும் குளிர்ந்ததையே தின்ன வேண்டுமா என்று அவன் அம்மா அழுதுவிட்டார்.

விடுமுறையில் வந்து திரும்பியபோது அம்மா நெய், கருவேப்பிலை, ஆட்டுக்கறித் தொக்கு எல்லாம் கட்டிவைத்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து போகிற பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. தொக்கும் நெய்யும் நின்றன. பச்சைக் காய், கனி, இலைக்குப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். கருவேப்பிலையும் நின்றது. சான்றிதழ் இல்லாமல் விடுகிறவை ஐந்தே ஐந்து: அன்னாசி, டுரியான், பேரீச்சை, வாழைப்பழம், தேங்காய். கடைசி இரண்டையும் கேட்டதும் என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அர்ச்சனைத் தட்டில் வெற்றிலையைத்தான் தடுத்திருக்கிறார்கள். தேங்காய் பழத்தில் கைவைக்கவில்லை.

தேங்காய் இரண்டு போயின. போய்ச் சேர்ந்த வாரமே ஒன்றை உடைத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், பங்கு வீட்டு வாசற்படியில் ஓங்கி ஒரு போடு. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடை கிடையாது, புல்வெட்டும் எந்திரம் கிடையாது, சுத்தியல் சத்தம் கிடையாது. அமைதிக்குச் சட்டமே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். திட்டவில்லை. சிதறிய ஓட்டை ஒரு பார்வை, இவனை ஒரு பார்வை. பிறகு, ஞாயிறு ஓய்வு நாள் என்று பணிவாக நினைவுபடுத்திவிட்டுப் போனார். அன்று காலை பூசையில் ஓய்வு நாளைப் பரிசுத்தமாகக் கடைப்பிடிக்கச் சொல்லிப் பிரசங்கம் பண்ணியவன் இவன்தான்.

குப்பைக்கும் அங்கே வேதம் உண்டு. காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, சமையல் கழிவுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. தேங்காய் ஓடு எதில் சேர்த்தி என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். வண்டி ஓட்ட நம் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும். பிறகு அங்கே புதிதாகப் பரீட்சை. கீழராஜவீதியில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் பைக் ஓட்டியவனுக்கு இது ஒரு பரீட்சையா என்று போனான். ஹாரனில் வைத்த கையை முதலில் எடுக்கச் சொன்னார்களாம். காணிக்கைத் தட்டுக் கவலை மட்டும் இல்லை. சபையில் பெயர் பதிந்தவர்களிடம் வருமான வரிக்கு மேல் பவேரியாவில் எட்டு சதவீதம் சபை வரி என்று அரசாங்கமே பிடித்துக் கொடுத்துவிடுகிறது. இந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் கோயில் திருப்பணிக் கமிட்டிக்காரர் ஒருவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார்.

போதகர்கள் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். வெளியாட்களால் வந்த தொல்லையைவிடச் சொந்த ஆட்களால் வந்ததுதான் அதிகம். நோபிலிக்கு முன்பே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாந்தஸ் என்கிற சக குருவே, இவர் போட்டிருக்கும் காவியும் சந்தனமும் தப்பு என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். ரோமிலிருந்து சம்மதம் வர 1623 ஆயிற்று. சீகன்பால்க்கைச் சிறையில் போட்டதும் தரங்கம்பாடி மக்கள் அல்ல, அதே ஹாசியஸ், நான்கு மாதம். வெளியே வந்தவர் சும்மா இருந்தாரா? 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி, தன் வேலையை மேற்பார்த்தவர்கள் இருந்த ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அந்த மதத்தை ஒழிக்கச் சொல்லி அனுப்பினோமா, அதன் பெருமையை இங்கே பரப்பச் சொன்னோமா என்று அங்கே முகம் சுளித்துக் கட்டிவைத்துவிட்டார்கள். அச்சேறியது 1867-ல், சென்னையில். வெளியூரில் வேலை, உள்ளூரில் தலைமை அலுவலகம் என்று இருக்கிற எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

அந்த ஹாலேவுக்கு எங்கள் பையன் ஒரு லீவு நாளில் போனான். சீகன்பால்க்கின் ஆட்கள் இருந்த பிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பக்கத்திலேயே பழைய அதிசயப் பொருள் கூடம். உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. வீடியோ காலில் முதலையைக் காட்டி, “நம்ம மியூசியம் ஞாபகம் வந்துருச்சு மாமா” என்றான். எங்கள் ஊர் அருங்காட்சியகம் 1910-ல் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடம் செய்த விலங்குகளைப் பார்த்துக் கத்தாத நாளில்லை. இவனும் கத்தியவன்தான். ஹாலேயில் கத்த முடியவில்லை. சனிக்கிழமையாக இருந்தாலும் அங்கே அமைதி.

எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுகிறவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் குரல் இறங்கினான். இங்கே ஒரு புதுச் சாமியார் தெருவில் நடந்தால் சொந்த ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சட்டை எங்கே தைத்தது என்று பத்து கேள்வி விழும். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. மரியாதைக்குத்தான் கேட்பதில்லை. ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்னதாகவே நாளும் மணியும் குறித்தாக வேண்டும். மூன்று குருக்கள் இருந்த பெரிய பங்கு வீட்டில் இப்போது இவன் ஒருவன். “வெள்ளிக்கிழமையானா அந்தம்மா சிவப்புப் பேனாவோட வர்றது ஒண்ணுதான் மாமா நமக்கு ஊரு” என்றான்.

எனக்கு அவன் சமயத்தில் ஞானம் இல்லை. என் சமயத்திலும் பெரிதாகக் கிடையாது. பார்த்தவரையில் தோன்றுவது இதுதான். போதிக்கப் போகிறவர்களில் நிலைத்தவர்கள் நன்றாகப் பேசியவர்கள் அல்லர், திருத்தினால் கோபித்துக்கொள்ளாதவர்கள். போதகர் வேலையின் முதல் பகுதி மாணவன் வேலை. அதற்குச் சம்பளம் இல்லை, திட்டு உண்டு. வாத்தியார் கிடைத்தால் ஆள் தேறுவார், கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடுவார்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரோட்டாக் கடையில் மாவு பிசையும் வடநாட்டுப் பையனோ, ஆராய்ச்சிக்கு வந்த வெளிநாட்டுக்காரரோ, உங்கள் தெருவுக்கு வந்து உடைந்த தமிழில் பேசினால் கேட்டதும் சிரித்துவிட்டு இந்திக்கும் இங்கிலீஷுக்கும் தாவாதீர்கள். தமிழிலேயே, மெதுவாகப் பதில் சொல்லுங்கள். தப்பைத் திருத்துங்கள்; பிறகு வேண்டுமானால் சேர்ந்து சிரிக்கலாம். தரங்கம்பாடியில் பெயர் தெரியாத ஒரு கிழ வாத்தியார், மணலில் தப்பாக எழுதியவரைத் துரத்தாமல் திருத்தினார். எழுதியவர் 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்.